பாக்கெட்டில் பீஸ் கட்டை

அண்ணாமலை நகர்
19.6.2005

அன்புள்ள அண்ணாவுக்கு,

இசைவாணி எழுதுகிறேன். நான் சுகம். நீயும் அம்மாவும் சுகமாக இருப்பதாக நினைத்துக்கொண்டுதான் இதை எழுத உட்கார்ந்தேன். அம்மாவின் முழங்காலுக்குத் தைலம் தீர்ந்திருந்தால் வாங்கிக் கொடு.

விடுதியில் போன் இருக்கிறது. ஆனால் வார்டன் அறையில் இருக்கிறது. பேசும்போது வார்டன் எழுதுவதை நிறுத்திவிட்டுப் பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கேட்கிறார். நம் வீட்டில் யாரும் மிதிக்காத காலேஜ் வாசலை மிதித்துப் பட்டம் வாங்கி, இப்போது பி.எட். வரைக்கும் வந்துவிட்டேன். ஆனாலும் மூன்று பேர் ஒன்றாக என்னைப் பார்த்தால் நாக்கு மேலே ஒட்டிக்கொள்கிறது. அதனால் கடிதம்தான். நீயும் எழுது. பிழையைத் திருத்தமாட்டேன்.

அறையில் என்னோடு வினோதினி என்று ஒரு பெண், நம் கடலூர்தான். ஃபேன் மெதுவாகச் சுற்றியது. "கண்டன்சர் போயிருக்கும்" என்று சொன்னேன். ஆச்சரியமாகப் பார்த்தாள். உன் ஏணியைப் பிடித்து வளர்ந்தவள் என்று சொல்லவில்லை. அடுத்த முறை சொல்வேன்.

நான் இல்லாமல் ஏணியை யார் பிடிக்கிறார்கள்? வேலைக்கு ஏறுமுன் மெயின் பெட்டியிலிருந்து பீஸ் கட்டையைக் கழற்றிச் சட்டைப் பாக்கெட்டில் போட மறக்காதே. "இந்த வெள்ளைப் பீங்கான் என் பாக்கெட்ல இருக்கிற வரைக்கும் உசுரும் என் பாக்கெட்ல" என்று நீ சொல்வதை இங்கே நினைத்துக்கொள்கிறேன்.

உன் தங்கை,
இசை

*

திருப்பாதிரிப்புலியூர்
28.6.2005

பாப்பா இசைக்கு,

அண்ணன் ஆசீர்வாதம். இங்க நாங்க நல்லா இருக்கோம். அம்மா கால் வலி அப்பிடியேதான், ஆனா வாய் நல்லா இருக்கு. நீ நேரத்துக்கு சாப்பிடு.

ஏணியை செவுருதான் புடிக்குது. உன்னை மாதிரி "அண்ணா பாத்து, அண்ணா பாத்து"ன்னு கத்தாம இருக்கு.

கஸ்டமர் கதை கேப்பியே. சுப்பராயலு வாத்தியார் காலிங் பெல்லை மறுபடியும் இடம் மாத்த சொன்னாரு. போன தடவை மூலை சரியில்லையாம். "சார், பெல்லு அங்கயே இருக்கட்டும், வாசப்படிய மாத்திடுங்க"ன்னேன். யோசிக்கிறாரு! இன்னொருத்தர் ஏணிக்கு கீழ நின்னுகிட்டு, "அந்த ஒயர இப்பிடி போடேன், அப்பிடி போடேன்"னாரு. "நீங்க ஏறுங்க சார், நான் கீழ நின்னு சொல்றேன்"னு எறங்கிட்டேன்.

இப்ப பெரிய வேலை ஒண்ணு புடிச்சிருக்கேன். மணவாளன்னு சொந்தமா மணல் லாரிங்க வச்சிருக்கறவரு, புது மாடி வீடு கட்டறாரு. முழு ஒயரிங்கும் நான்தான். நேத்து எர்த் குழி தோண்டினேன். கரி, உப்பு போட்டு தண்ணி ஊத்தறப்ப உன் ஞாபகம். குடம் குடமா தூக்கிட்டு வந்து பாதிய உன் பாவாடையில ஊத்திக்குவியே.

ஆளு கொஞ்சம் முன்கோபி. டைல்ஸ் ஒண்ணு உடைஞ்சிடுச்சின்னு பிளம்பர் சின்னையனை பைப்பாலயே காதுல ஒண்ணு வச்சாரு. சின்னையன் ரெண்டு நாளா எது கேட்டாலும் "ஆங்? ஆங்?"ங்கறான். சிரிப்பா இருக்கு. மணவாளன் சம்சாரம் அமிர்தம்னு, தங்கமான மனுஷி. டீ குடுப்பாங்க. அந்த வெயில்லயும் முழுக்கை ஜாக்கெட்தான்.

ஆவணியில கிரகப்பிரவேசம்.

அண்ணன்,
கதிர்வேல்

*

அண்ணாமலை நகர்
6.7.2005

அன்புள்ள அண்ணாவுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை, நன்றாக இருக்கிறேன். உங்கள் நலத்துக்கு எழுது.

உன் கடிதத்தில் வாத்தியார் கதைக்குச் சத்தமாகச் சிரித்தேன். சின்னையன் கதைக்குச் சிரிப்பு வரவில்லை. காதில் அடி வாங்கியவன் "ஆங்" என்று கேட்பது சிரிப்பதற்கா? அவரை டாக்டரிடம் கூட்டிப் போனார்களா? நீ அப்போது என்ன செய்துகொண்டிருந்தாய்?

கோபித்துக்கொள்ளாதே. ஜூன் வெயிலில் முழுக்கை ஜாக்கெட் போடும் பெண்ணைப் பற்றி ஒரு வரியில் எழுதிவிட்டுப் போய்விட்டாய். உன் கண்ணில் பட்டிருக்கிறது, எழுதவும் செய்திருக்கிறாய். ஏன் என்று மட்டும் எழுதவில்லை.

அந்த வேலையைப் பாதியில் விட முடியாதா?

இசை

*

திருப்பாதிரிப்புலியூர்
4.9.2005

பாப்பாவுக்கு,

நலம். அம்மாவும் நலம். ரெண்டு மாசமா எழுத முடியல, வேலை ஜாஸ்தி. கிரகப்பிரவேசம் முடிஞ்சது. ஏணி வழுக்கி கையில லேசா அடி. எழுத்து கோணலா இருக்கும். வாய்ப்புண் வேற, கஞ்சிதான் குடிக்கிறேன். இந்த மாசம் நீ வர வேணாம். படி.

கதிர்வேல்

*

அண்ணாமலை நகர்
9.9.2005

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் சுகம். நீ சுகமாக இல்லை என்று தெரிந்துதான் எழுதுகிறேன்.

ஏணியின் காலுக்கு ரப்பர் கட்டியவள் நான். அது வழுக்காது. வழுக்கினாலும் கையில் அடிபட்டவன் கஞ்சி குடிக்க வேண்டியதில்லை.

வினோதினி போன வாரம் ஊருக்குப் போய் வந்தாள். ரயில்வே ஸ்டேஷன் அருகே உன்னைப் பார்த்தாளாம். "உங்கண்ணன் கண்ணு மூடியிருந்துச்சு இசை, கூப்பிட்டேன், வாயைத் துண்டால மூடிக்கிட்டுப் போயிட்டாரு" என்றாள்.

யார் அண்ணா? எழுது. நீ எழுதும் வரை அம்மாவிடம் கேட்கமாட்டேன். ஆனால் எழுது.

இசை

*

திருப்பாதிரிப்புலியூர்
21.9.2005

பாப்பா,

கண்ணு திறந்துடுச்சு. அம்மாகிட்ட லாரி மோதிட்டதா சொல்லியிருக்கேன். நீயும் அப்பிடியே சொல்லு.

கிரகப்பிரவேசத்தன்னிக்கு சாயந்திரம். பாண்டியிலேர்ந்து கண்ணாடி சர விளக்கு லேட்டா வந்துச்சு. ஹால்ல அதை மாட்டணும். பீஸ் கட்டையக் கழட்டி பாக்கெட்ல போட்டுட்டு மேல ஏறினேன். பந்தி நடக்குது, ஃபேன் இல்லாம எல்லாருக்கும் வேர்க்குது. மணவாளன், "டேய், கரண்டப் போடுறா"ன்னான். "அஞ்சு நிமிஷம் சார், கையில ஒயர் இருக்கு"ன்னேன். "என் வீட்ல கரண்டு போட உன்கிட்ட கேக்கணுமாடா?" டிரைவரக் கூப்பிட்டு, பீஸ் இருந்த எடத்துல வெறும் கம்பிய சொருகி மெயின போடச் சொன்னான். போட்டான்.

ரெண்டு விரல் ஒயரோட ஒட்டிக்கிச்சு. அப்புறம் கீழ கெடந்தேன். சர விளக்கு எம்மேல.

விளக்கு உடைஞ்சிடுச்சின்னு மிதிச்சான். செருப்பால முகத்துல. நம்ம தெருப் பேரச் சொல்லித் திட்டினான். உடைஞ்ச கண்ணாடிய அந்த வெந்த கையாலயே பொறுக்கச் சொன்னான். பொறுக்கினேன். அப்புறம் என் பாக்கெட்ல கைய விட்டு பீஸ் கட்டைய எடுத்தான். "இதானடா உன் உசுரு?"ன்னு வாயில வச்சு திணிச்சான். முன்பல்லு ஒண்ணு உடைஞ்சிடுச்சு. "துப்பினா கொன்னுடுவேன், கடிச்சிக்கிட்டு நில்லு"ன்னான். பந்தி முடியற வரைக்கும் நின்னேன். வந்தவங்க கை கழுவிட்டு என்னைத் தாண்டித்தான் போனாங்க. சில பேர் சிரிச்சாங்க. அமிர்தம் அக்கா ஒருத்திதான் கிட்ட வந்தாங்க. அவங்களுக்கும் ஒண்ணு விழுந்துச்சு.

கம்ப்ளெயிண்ட் குடுன்னு எழுதாத. யார்கிட்ட சொல்லணுமோ அவங்கெல்லாம் அன்னிக்கு பந்தியில உக்காந்து சாப்பிட்டவங்க.

கதிர்வேல்

*

அண்ணாமலை நகர்
25.9.2005

அண்ணா,

எப்படி இருக்கிறாய் என்று கேட்க வாய் வரவில்லை. விரலைக் காட்டினாயா டாக்டரிடம்?

உன் கடிதத்தைக் குளியலறையில் வைத்துப் படித்தேன். வெளியே வந்ததும் வினோதினி, "என்ன, உதட்டுல ரத்தம்?" என்றாள். கடித்துக்கொண்டது எனக்கே தெரியவில்லை.

நான் சண்டை போட்டதே இல்லை. பஸ்ஸில் காலை மிதித்தவனிடம்கூட "பரவாயில்லை" என்று சொல்லும் ஆள். ஆனால் இரண்டு இரவுகளாக அவன் வாயில் நான் எதையெதையோ திணிக்கிறேன். எழுத வெட்கமாக இருக்கிறது. நிறுத்தவும் முடியவில்லை.

கம்ப்ளெயிண்ட் நான் எழுதுகிறேன். நீ கையெழுத்துப் போட்டால் போதும். அதுவரை அந்தத் தெருப்பக்கம் போகாதே. சத்தியமாக.

இசை

*

திருப்பாதிரிப்புலியூர்
22.10.2005

அன்பு பாப்பாவுக்கு,

நலம், நலம். ஒரு மாசம் கழிச்சு எழுதறேன்னு திட்டாத. விரல் ஆறிடுச்சு, பாரு எழுத்து எவ்வளவு அழகா இருக்குன்னு. இங்க மழை பேய் மாதிரி பெய்யிது.

ஒரு சேதி. மணவாளன் வீட்டுலேர்ந்து மறுபடி ஆள் விட்டாங்க. மாடி பாத்ரூமுக்கு கீசர் மாட்டணுமாம். நான் போனேன். கோபப்படாத. எல்லாத்தையும் மனசுல வச்சிக்கிட்டு இருந்தா தொழில் பண்ண முடியுமா?

நல்ல வேலை. புது கீசர். சிவப்பு ஒயர், கறுப்பு ஒயர் எல்லாம் நல்ல கம்பெனி. சுவிட்சு தனியா, லைட்டு எரியற மாதிரி. அந்த பாத்ரூம அவன் மட்டும்தான் பொழங்கறான். தீபாவளி எண்ணெய்க் குளியல் புது கீசர்லதான், அதுக்கு முன்னாடி யாரும் தொடக்கூடாதுன்னு சொல்லி வச்சிருக்கான். வர செவ்வாய் விட்டு அடுத்த செவ்வாய் தீபாவளி.

நீ இந்த வருஷம் இங்க வர வேணாம். அம்மாவ கிள்ளைக்கு சித்தி வீட்டுக்கு அனுப்பிட்டேன். நீயும் நேரா அங்க போயிடு. நானும் சுனாமி வீடுங்களுக்கு ஒயரிங் பண்ண அடுத்த ஞாயிறு வரைக்கும் அங்கதான் இருப்பேன். அப்புறம் ஊருக்கு திரும்பிடுவேன்.

நீ வேலைக்குப் போனதும் அம்மாவ உன்கூடவே வச்சிக்க. அவங்களுக்கு நீதான் சரி.

அண்ணன்,
கதிர்வேல்

*

திருப்பாதிரிப்புலியூர், நம் வீடு
28.10.2005

அண்ணா,

இதை நீ டூல்ஸ் பையை மாட்டி வைக்கும் ஆணியில் குத்திவிட்டுப் போகிறேன். வீட்டுக்கு வந்ததும் அங்கேதான் முதலில் போவாய்.

உன் கடிதம் மழையில் தாமதித்து நேற்றுதான் வந்தது. சிவப்பு ஒயர் எழுதியிருந்தாய், கறுப்பு ஒயர் எழுதியிருந்தாய். பச்சை ஒயர் எங்கே அண்ணா? ஷாக்கில் ஆள் சாகாமல் காக்கும் அந்த எர்த்தைப் பற்றிச் சொல்லாமல் நீ ஒரு வேலையையும் சொல்லி முடித்ததில்லை. கேட்பவர்களுக்குக் கொட்டாவி வரும் வரை சொல்வாய். அம்மாவை ஊரைவிட்டு அனுப்பியிருக்கிறாய். என்னை வராதே என்கிறாய். நீ அவனைக் கொல்லப் போகிறாய்.

வார்டன் அறைக்குப் போய் நானாகவே போன் கேட்டேன். உன் செல் கிடைக்கவில்லை. கிள்ளைக்குப் போகிற பாதையில் தண்ணீர், பஸ் இல்லை என்றார்கள். கடலூர் பஸ் இருந்தது. ஏறிவிட்டேன்.

மணவாளன் வீட்டில் அவன் இல்லை. அமிர்தம் அக்கா கதவைத் திறந்தார். "எலக்ட்ரீசியன் தங்கச்சி" என்றேன். என்னைப் பார்க்குமுன் எனக்குப் பின்னால் தெருவைப் பார்த்தார். மாடிப்படிக்குக் கீழே மீட்டர் பெட்டி. மெயினை அணைத்தேன், மாடிக்கான பீஸ் கட்டையைப் பிடுங்கி என் கைப்பையில் போட்டேன்.

"என்னம்மா பண்ற?"

"மாடி கீசருக்குப் பச்சை ஒயர் மாட்டலைக்கா. அண்ணன் மறந்துட்டாரு. அவர் வந்து மாட்டற வரைக்கும் இது என்கிட்ட இருக்கட்டும்."

அவர் கோபப்படவில்லை. படியில் உட்கார்ந்துவிட்டார். "மறந்துட்டாருன்னா நெனச்ச? வேணாம்னு சொன்னதே நான்தாம்மா. ஆள் விட்டுக் கூப்பிட்டதும் நான்தான்."

இதைத்தானே நீ எழுதாமல் விட்டாய்?

ஜாக்கெட் கையைச் சுருட்டிக் காட்டினார். இஸ்திரிப் பெட்டியின் முனை, முக்கோணமாக, தோள் வரைக்கும் அடுத்தடுத்து. ஒன்று இன்னும் ஈரமாக இருந்தது.

"அந்தக் கட்டையக் குடுத்துட்டுப் போ பாப்பா. செவ்வாக்கிழமை வரைக்கும்தான். கரண்டு அடிச்சுதுன்னு முடிஞ்சுடும்."

"முடியாதுக்கா. மாட்டினது யாருன்னுதான் முதல்ல கேப்பாங்க. எங்கண்ணன் தூக்குல தொங்குவாரு."

"அப்ப நான் தொங்கட்டுமா?"

"எங்கூட வந்துடுங்கக்கா" என்றேன். சிரித்தார். "எங்க? உன் ஆஸ்டல்லயா?" ஆமாம் என்றேன். முகவரியை எழுதித் தரவில்லை. எழுதினால் அவன் கண்ணில் படும். வாயால் சொன்னேன், திருப்பிச் சொல்லச் சொன்னேன். பள்ளிப் பிள்ளை மாதிரி ஒப்பித்தார். ஆனால் கிளம்பவில்லை.

வந்ததும் போய் அந்த கீசரைக் கழற்று. கட்டை என்னிடம் இருக்கிறது.

இசை

*

திருப்பாதிரிப்புலியூர்
31.10.2005

பாப்பா,

நீ நல்லா இருக்கியான்னு மட்டும் மொதல்ல எழுது. ஆஸ்டலுக்கு போன் போட்டேன். தீபாவளி லீவு, யாரையும் கூப்பிட முடியாதுன்னு வச்சிட்டாங்க.

நேத்து ராத்திரிதான் வந்தேன். உன் கடுதாசியப் படிச்சிட்டு விடிஞ்சதும் ஓடினேன். நீ கட்டைய எடுத்துட்டுப் போனதுல ஒண்ணும் நிக்கல. அன்னிக்கு சாயந்திரமே அவன் வழக்கம்போல வெறும் கம்பிய சொருகி கரண்டப் போட்டுட்டான். கீசர்ல கரண்டு இருந்துச்சு. நாளைக்கு விடியகாலையில கதை முடிஞ்சிருக்கும்.

கழட்டினேன். தோள்ல தூக்கிக்கிட்டு கீழ வந்து அவன் முன்னாடி வச்சேன். "எர்த் குடுக்காம மாட்டிட்டேன். குளிச்சிருந்தா செத்திருப்ப"ன்னேன். அவனுக்குப் புரிய கொஞ்ச நேரம் ஆச்சு. அப்புறம் அடிச்சான். அதே கீசர் பைப்பால. இந்தத் தடவ நான் கையத் தூக்கல. இது எனக்குச் சேர வேண்டியதுதான்.

அக்கா வீட்ல இல்ல. வெள்ளிக்கிழமை கரண்டு இல்லன்னதும் கட்டைய யாரு எடுத்தான்னு கேட்டு, அவங்க வலது கைய மாடிப்படி கம்பில வச்சு முறிச்சிருக்கான். டிரைவர் சொன்னான். எலக்ட்ரீசியன் தங்கச்சின்னு சொன்னப்புறம்தான் விட்டானாம். மறுநா காலையிலேர்ந்து அக்காவக் காணோம். எனக்கு கடல்தான் ஞாபகம் வருது. கடல்ல போய் விழுந்துடலாம்னு ஒரு வாட்டி சொல்லியிருக்காங்க.

நம்ம தெருவுல கேட்டாலே அவனுக்கு ஒன் ஆஸ்டல் தெரிஞ்சிடும். வெளிய வராத. நான் நடக்க முடிஞ்சதும் வரேன்.

கதிர்வேல்

*

அண்ணாமலை நகர்
4.11.2005

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் உயிரோடு இருக்கிறேன். அமிர்தம் அக்காவும் இருக்கிறார். கடலுக்குப் போகவில்லை, இங்கே வந்தார். சனிக்கிழமை மழையில் முறிந்த கையைப் புடவைத் தலைப்பில் கட்டிக்கொண்டு விடுதி கேட்டில் நின்றார். நான் ஒப்பிக்க வைத்த முகவரியை வாட்ச்மேன் சாமிக்கண்ணுவிடம் அப்படியே ஒப்பித்திருக்கிறார். "எங்க அக்கா, இங்கதான் இருப்பாங்க" என்று வார்டனிடம் சொன்னேன். அவர் பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி, "கூடப்பிறந்தவளா?" என்றார். "அந்தக் கையைப் பாருங்க மேடம், அப்புறம் கேளுங்க" என்றேன். என் குரலா அது என்று எனக்கே சந்தேகம். பெரியாஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டார்கள்.

என்னால் முறிந்த கை அது. நான் கட்டையைப் பையில் போட்டபோது உன் உயிரையும் அவன் உயிரையும் நினைத்தேன். அவர் உயிரை நினைக்கவில்லை. சொன்னேன். "கை ஒட்டிக்கும் பாப்பா" என்று மட்டும் சொன்னார்.

நேற்று மணவாளன் வந்தான். லீவு முடிந்து பெண்கள் பெட்டியோடு வந்து இறங்கிக்கொண்டிருந்த நேரம். கேட்டுக்கு வெளியே ஜீப்பை நிறுத்தி, "எவடி அந்த எலக்ட்ரீசியன் தங்கச்சி?" என்று கத்தினான். எல்லாரும் திரும்பினார்கள். அத்தனை பேர் முன்னால் என்னால் நடக்கவே முடியாது என்று உனக்குத் தெரியும். நடந்தேன்.

"நான்தான்."

கன்னத்தில் விழுந்த முதல் அடியில் காதுக்குள் விசில் சத்தம். சின்னையன் ஞாபகம் வந்தது. பின்னலைப் பிடித்துத் தரையில் இழுத்தான். "எங்கடி அவ?" நான் அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டேன். அவன் மிதித்தான். விடவில்லை. எனக்கு அடிக்கத் தெரியாது அண்ணா, பிடிக்கத்தான் தெரியும். உன் ஏணியைப் பிடித்த கை. அப்புறம் வினோதினி குடையால் அவன் பிடரியில் போட்டாள். பெட்டிகள், செருப்புகள், ஒரு தண்ணீர்க் குடம் எல்லாம் அவன் மேல் விழுந்தன. சாமிக்கண்ணு ஜீப் சாவியைப் பிடுங்கிக்கொண்டார். அவன் நெற்றி கிழிந்து ரத்தத்தோடு உட்கார்ந்திருந்தபோது அக்கா மேலிருந்து இறங்கி வந்தார். அவன் முன்னால் நின்று ஜாக்கெட் கையைத் தோள் வரை சுருட்டினார். அங்கிருந்த அத்தனை பெண்களுக்கும் காட்டினார்.

போலீஸ் வந்தது. அவன் கடலூரில் யார் யாரையோ தெரியும் என்று பேர் சொன்னான். தெரிந்திருக்கும். ஆனால் அண்ணா, இங்கே அவன் பந்தியில் சாப்பிட்டவர்கள் யாரும் இல்லை. கம்ப்ளெயிண்ட் நான் எழுதினேன். அக்கா இடது கையால் கையெழுத்துப் போட்டார். பார்த்ததாக வினோதினி முதல் வார்டன் வரை கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்.

கீசரைப் பற்றி யாரும் பேசவேண்டாம் என்கிறார் அக்கா. நீயும் அவரும் செய்யப் பார்த்ததை எதில் சேர்ப்பது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. நீயே கழற்றித் தோளில் தூக்கிவந்ததை மட்டும் நினைத்துக்கொள்கிறேன்.

நீ வா. பல்லைக் கட்டிக்கொண்டு வராதே, உடைந்தபடியே வா. அன்று உன் வாயில் எதைத் திணித்தான் என்று நீ உன் வாயால் சொல்ல வேண்டும்.

அவன் வீட்டுப் பீஸ் கட்டை என் பையில்தான் இருக்கிறது. போலீஸ் கேட்கவில்லை, நானும் கொடுக்கவில்லை. வேலை முடிகிறவரைக்கும் யார் கேட்டாலும் தரக்கூடாது என்று நீதானே சொல்லிக்கொடுத்தாய்.

அம்மாவுக்கு என் அன்பைச் சொல். காது ஒன்று சரியாகக் கேட்கவில்லை. வந்தால் இடது பக்கம் நின்று பேசு.

உன் தங்கை,
இசைவாணி